ஒரே நாற்காலியில் ஆறு பேர்

இருபத்தாறு வருடம் நான் ஒரே கட்டடத்தில், ஒரே அலைவரிசையில், ஏறக்குறைய ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஆறு ரேடியோ நிலையங்களில் வேலை பார்த்திருக்கிறேன். 'ஏறக்குறைய' என்பதற்குக் காரணம், 1988இல் நாற்காலியின் சக்கரம் உடைந்து வேறு வாங்கினார்கள். மற்றபடி நான் எங்கும் போகவில்லை. நிலையங்கள்தான் என்னிடம் வந்து வந்து போயின. வெளியூர்க்காரர்கள், "ஆறு ஸ்டேஷனா! நல்ல அனுபவம்தான்" என்று வியக்கும்போது நான் அடக்கமாகத் தலையாட்டுவேன். உண்மையைச் சொன்னால் வியப்பு போய்விடும்.

ஒகையோ மாநிலத்தில், எங்கள் ஊரான டெல்வினுக்கு வெளியே சோளக்காட்டு நடுவில் ஒரு கோபுரம், அதன் காலடியில் ஒரு செங்கல் கட்டடம். 1973இல் நான் சேர்ந்தபோது அது 'டெல்வினின் குரல்'. முதலாளி ஆம்ப்ரோஸ் க்ளைன், மரக்கடை வைத்திருந்தவர். காலையில் பன்றி விலை படிப்பேன், பிறகு சாவுச் செய்தி, பனி கொட்டினால் எந்தெந்தப் பள்ளிக்கூடத்துக்கு லீவு என்ற பட்டியல், மிச்ச நேரத்தில் க்ளைனுக்குப் பிடித்த பித்தளை வாத்தியம். மைக்கில் நான் சொன்னது என் அப்பா வைத்த பெயர்: லைல் ஹோஸ்டெட்லர். அது எவ்வளவு பெரிய சொகுசு என்று அன்றைக்குத் தெரியவில்லை.

ஐந்து வருடம் கழித்து க்ளைன் நிலையத்தை ஒரு பல் டாக்டருக்கு விற்றார். டாக்டர் ஒரே ஒருமுறை நியூயார்க் போய் வந்தவர். அங்கே ஒரு நடன விடுதியில் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது. டெல்வின் முழுக்க டிஸ்கோ முழங்கியது. எனக்கு 'ஜானி மிட்நைட்' என்று பெயர் வைத்தார். "டாக்டர், நான் வர்றது காலைல ஆறு மணிக்கு" என்றேன். "அதனால என்ன? எங்கயோ நடுராத்திரிதானே" என்றார். பூகோளப்படி அவர் சொன்னது சரி. மூன்று வருடம் பால் கறக்கிறவர்களோடு நடுராத்திரிக் குரலில் பேசினேன்.

பிறகு வந்தவர்கள் ஷ்ரேடர் சகோதரர்கள். கிராமியப் பாட்டுக்கு மாற்றினார்கள். நான் 'பக் டானர்' ஆனேன். கட்டம் போட்ட சட்டையும் தொப்பியும் கொடுத்தார்கள். ரேடியோவில் தொப்பி எதற்கு என்று கேட்டதற்கு, "தொப்பி போட்டா குரல் மாறும்" என்றார் மூத்தவர். மாறத்தான் செய்தது. பதினோரு வருடம் பக்காக இருந்தேன். அது ஒன்றுதான் எனக்குப் பொருந்தி வந்த பெயர் என்று இன்றும் நினைக்கிறேன். என் சொந்தப் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மைக்கில் சொல்லும் பெயர் ஆளுக்குச் சொந்தமில்லை, கம்பெனிக்குச் சொந்தம். சேரும்போதே எழுதி வாங்கிவிடுவார்கள். ஆள் போனாலும் பெயர் ஆணியில் தொங்கும். அடுத்து வருகிறவன் எடுத்துப் போட்டுக்கொள்வான். 1992இல் ஷ்ரேடர்கள் எங்கள் அலைவரிசையை விற்றுவிட்டு, கிராமியப் பாட்டையும் பக் டானரையும் பக்கத்துக் கவுண்டிக் கோபுரத்துக்கு எடுத்துப் போனார்கள். என்னை எடுத்துப் போகவில்லை. அந்த ஊரில் பக்காக உட்கார்ந்தவன் ஃப்ளோரிடாவிலிருந்து வந்தவன். வந்த வாரமே, நூறு ராத்தலுக்கான பன்றி விலையை ஒரு முழுப் பன்றியின் விலை என்று படித்துவிட்டான். நம் பெயரில் ஒருவன் தப்புச் செய்தால் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. கடைத்தெருவில் நான்தான் கூசிக் குறுகினேன்.

இங்கே, என் நாற்காலியில், மெல்லிசை வந்தது. 'விஸ்பர் 98'. பல் டாக்டர் வரவேற்பறையில் போடுகிற இசை. ஆனால் பல் டாக்டர் அப்போது முதலாளி இல்லை. நான் 'க்ரஹாம்' என்ற பெயரில், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் நின்று பேசுவதுபோலப் பன்றி விலை சொன்னேன். மூன்று வருடத்தில் அது போய் 'வுல்ஃப் 98' வந்தது. ராக் இசை, இடையிடையே ஓநாய் ஊளை. எனக்குப் பெயர் 'கோரைப்பல்'. மேல்வரிசையில் நாலு பல் செட் கட்டி மூன்று மாதம் ஆகியிருந்த சமயம். ஊளையிடும்போது அதை நாக்கால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

1999 ஆகஸ்டில் அட்லாண்டா கம்பெனி வந்தது. நாடு முழுக்க நூற்று நாற்பது நிலையம் வைத்திருந்தார்கள். பதினோரு பேர் வேலை பார்த்த இடத்தில் மூன்று பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்: விளம்பரம் பிடிப்பவர், போன் எடுக்கிற பெண், நான். வுல்ஃபை மூடி 'ரிவர் 98' திறப்பதாக ஏற்பாடு. பழைய பாட்டுகள், எல்லோருக்கும் தெரிந்தவை. எங்கள் ஊரில் ஆறு கிடையாது. ஒரு வாய்க்கால் உண்டு, அதுவும் ஜூலையில் வற்றிவிடும்.

பெயர் மாற்றும்போது ஊரின் கவனத்தைத் திருப்ப, இரண்டு மூன்று நாளைக்கு வேறெதுவும் இல்லாமல் ஒரே சத்தத்தைப் போட்டுக்கொண்டிருப்பது எங்கள் தொழிலின் இன்னொரு வழக்கம். அட்லாண்டா தேர்ந்தெடுத்த சத்தம், நெஞ்சுத் துடிப்பு. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஓநாய் கடைசியாக ஊளையிட்டது. பிறகு லப் டப், லப் டப். வெள்ளி, சனி, ஞாயிறு முழுக்க அதேதான். திங்கள் காலை சரியாக ஆறுக்கு ஐந்து நிமிடம் முன்பு துடிப்பு நின்றது. ஐந்து நிமிடம் நிசப்தம். அப்புறம் புது நிலையம். அட்லாண்டாவில் இதை அழகான யோசனை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அந்த மூன்று நாளும் நான் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். ரகசியம் வெளியே போய்விடுமாம். ஊர் என்ன பார்த்தது? தினமும் மாவு மில்லில் காப்பி குடிக்க வருகிற லைல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மென்னோனைட் சர்ச்சில் அவன் இடம் காலி. ரேடியோவைப் போட்டால் நெஞ்சு துடிக்கிறது. திங்கள் காலை அதுவும் நின்றுவிட்டது.

ஆறே காலுக்கு ஷெரிஃப் ஆபீசிலிருந்து ஒருவர் நிலையத்துக்கு வந்து கதவைத் தட்டினார். ஏழு மணிக்கு, நான் நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருக்கும்போதே, எங்கள் வீட்டு வாசலில், துடிப்பு நின்றதுமே ரேடியோவை அணைத்துவிட்ட சர்ச்சுப் பெண்கள் மூன்று பேர், மூடி போட்ட கண்ணாடித் தட்டுகளோடு நின்றார்கள். பீன்ஸும் நூடுல்ஸும் காளான் சூப்பும் போட்டு அடுப்பில் வேகவைத்து, சாவு வீட்டுக்கென்றே கொண்டுபோகும் பண்டம். தட்டின் அடியில் அவரவர் பெயர் எழுதிய காகிதப் பட்டை ஒட்டியிருந்தது, திரும்பக் கிடைக்க வேண்டுமே.

என் மனைவி நோரின் பள்ளி பஸ் ஓட்டுகிறவள். ஐம்பத்து நாலு பிள்ளைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓட்டுகிற நிதானம் அவளுக்கு.

"நல்ல மனுஷன்" என்றாளாம் ஒருத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பரவால்ல மனுஷன்" என்றாளாம் நோரின். "உள்ள வைங்க. தட்டு எப்ப வேணும்?"

"லைல் சாகலைன்னு ஏன் சொல்லல?" என்று மாலையில் கேட்டேன்.

"மூணு நாளா உனக்கு மூணு வேளையும் சமைச்சிருக்கேன். அவங்க கொண்டு வந்ததத் திருப்பி அனுப்பச் சொல்றியா?"

என் சாவுச் சாப்பாட்டை நானே நாலு நாள் சாப்பிட்டேன். காளான் போட்டதுதான் நன்றாக இருந்தது.

புது நிலையத்தில் நான் 'டேவ்'. வெறும் டேவ். குடும்பப் பெயர் வைக்கக்கூட அட்லாண்டாவுக்கு நேரமில்லை. மைக்குக்கு மேலே எல்லா நிலையங்களிலும் ஒரு அட்டை ஒட்டியிருப்பார்கள். பழைய பெயர் வாயில் வந்துவிடாமல் இருக்க நிலையத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது. எனக்கு மட்டும் அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தார்கள்: 'நான் டேவ்'. முதல் வாரத்தில் மூன்று தடவை கோரைப்பல் என்றும், ஒரு தடவை, எந்தக் குகையிலிருந்து வந்ததோ, ஜானி மிட்நைட் என்றும் சொல்லிவிட்டேன். அதனால்தான் அந்த இரண்டாவது வரி. ஐம்பத்தொரு வயதில் ஒருவன் தன் பெயரைப் பார்த்துப் படிக்கிறான் என்றால், அவன் ஒன்று நோயாளியாக இருக்க வேண்டும், இல்லை ரேடியோக்காரனாக இருக்க வேண்டும்.

அட்டை ஒட்டியவள் ப்ரூக் லாவெல். அட்லாண்டா அனுப்பிய நிகழ்ச்சி மேலாளர். இருபத்தொன்பது வயது, இதற்குள் ஏழு ஊர்களில் ஏழு நிலையங்களின் பெயரை மாற்றியவள். மரியாதையாகப் பேசுவாள், கெட்ட செய்தியைச் சுற்றி வளைக்காமல் சொல்வாள். அவளைப் பிடிக்காமல் இருக்க நான் ரொம்ப முயன்றேன், முடியவில்லை.

"டேவ், ஒளிச்சுப் பேச மாட்டேன்" என்றாள் செப்டம்பரில். "இலையுதிர்கால சர்வே வரப்போகுது. அதுல உங்க பேரு நல்லா வந்தா இந்த நாற்காலி உங்களுது. வரலைன்னா காலை நிகழ்ச்சிய அட்லாண்டாவுலயே பேசிப் பதிவு பண்ணிக் கம்பி வழியா அனுப்பிடுவாங்க. ஏற்கெனவே இருபது ஊருக்கு அப்படித்தான் போகுது."

"அந்த ஆளுக்கு எங்க ஊர் பன்றி விலை தெரியுமா?"

"எழுதிக் குடுத்தா படிப்பாரு."

"பள்ளிக்கூடங்களோட பேரு?"

"டேவ்..." என்றாள் இரக்கத்தோடு.

சர்வே எப்படி நடக்கிறது என்றால், ஒரு கம்பெனி வீட்டுக்கு வீடு சின்ன டைரி அனுப்பும். ஒரு வாரம் எந்த நிலையத்தை, யாரை, எத்தனை மணிக்குக் கேட்டோம் என்று மக்கள் கையால் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். கேட்டது முக்கியமில்லை, எழுதினால்தான் கணக்கு. என் வாழ்க்கை டெல்வினில் இருநூறு பேரின் பென்சில் முனையில் வந்து நின்றது.

நாற்காலி போனால் எனக்கென்று இன்னொரு இடம் தயாராகத்தான் இருந்தது. நோரினின் அண்ணன் டெல்பர்ட், மெயின் தெருவில் கம்பளக் கடை வைத்திருக்கிறவன், பல வருடமாக எனக்காக ஒரு ஸ்டூலைக் காலியாக வைத்திருந்தான்.

"வந்துருப்பா, லைல். ரெண்டே வாரத்துல கத்துக்கலாம். கம்பளத்துக்குப் பேரு மாறாது பாரு. பழுப்புன்னா பழுப்புதான்."

அதுவும் பொய். அவன் கடையில் பழுப்புக்கு ஒன்பது பெயர். ஆனால் நான் பயந்தது கம்பளத்துக்கு அல்ல. ஜன்னல் இல்லாத அறையில் தனியாக உட்கார்ந்து ஊரே கேட்கப் பேசச் சொன்னால் ஐந்து மணி நேரம் பேசுவேன். எதிரே ஒரு ஆள் நின்று, "இது துவைக்கலாமா?" என்று கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எல்லோருடனும் பழகுகிற மனிதன் என்று ஊர் என்னை நினைத்திருந்தது. யாரையும் பார்க்க வேண்டாம் என்பதால்தான் நான் அந்த வேலைக்கே போனேன். கம்பளக் கடையில் ஒரே வாரத்தில் அந்தச் சாயம் வெளுத்துவிடும்.

ஆகவே இலையுதிர்காலம் முழுக்க டேவாக உழைத்தேன். நிமிடத்துக்கு ஒருமுறை "நான் டேவ்", "டேவோட இருங்க", "டேவ் சொல்றேன்". நோரின் வீட்டில் ரேடியோவை அணைத்துவிட்டாள். "நீ டேவ்ங்கறது எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. பஸ்ல பிள்ளைங்கள இறக்கி விடறப்ப, டேவோட இருங்கன்னு சொல்லிட்டேன்."

ஜனவரிக் கடைசியில் சர்வே வந்தது. ப்ரூக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "டேவுக்கு ஆறு பேரு."

"அறுபதா?"

"ஆறு."

என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவள் அட்லாண்டாவுக்கு உடனே சொல்லவில்லை. "இந்த எண்ணிக்கை எனக்கு இடிக்குது" என்றாள். "மாவு மில்லுல, மருந்துக் கடைல, பெட்ரோல் பங்குல, எங்க போனாலும் நம்ம ஸ்டேஷன்தான் ஓடுது. காதால கேட்டேன். அவங்க என்னதான் எழுதறாங்கன்னு நேர்ல பாத்துடலாம். கிளம்புங்க."

அப்படிப் பார்க்க ஒரு இடம் இருக்கிறது. டைரிகளை எல்லாம் மேரிலாந்தில் ஒரு கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். நிலையத்துக்காரர்கள் போய்ப் புரட்டிப் பார்க்கலாம். எட்டு மணி நேரம் கார் ஓட்டிப் போனோம். ஜன்னலில்லாத அறை, நீள மேஜை. பேனா கூடாது, பென்சில் மட்டும். ஒரு அம்மாள் எங்கள் கவுண்டியின் டைரிகளை அட்டைப் பெட்டியில் கொண்டுவந்து வைத்து, "சத்தம் போடாமப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்து மேஜையில் வேறு ஏதோ ஊர்க்காரன் தன் டைரிகளை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். ஜலதோஷமாகவும் இருக்கலாம்.

படிக்கத் தொடங்கினேன். அறுபத்தொரு வயது ஆண்: 'காலையில் பக். மாடுகளுக்கும் பிடிக்கிறது.' நாற்பத்து நாலு வயதுப் பெண்: 'ஓநாய் ஸ்டேஷன். கோரைப்பல் இப்போது கத்துவதில்லை. உடம்பு சரியில்லையோ?' எழுபத்திரண்டு வயது ஆண், ஏழு நாளும் ஒழுங்காக: 'டெல்வினின் குரல்.' அது மறைந்து இருபத்தொரு வருடம். ஒரு பாட்டியம்மா: 'ஹோஸ்டெட்லர் வீட்டுப் பையன். இவன் அப்பாதான் எங்கள் களஞ்சியத்துக்குக் கூரை போட்டார். இன்னும் ஒழுகவில்லை.' ஒரு பத்தொன்பது வயதுக்காரன்: 'அம்மா அலறவிடுகிறார். டேவ் என்று யாரோ. காரில் ஏறியதும் மாற்றிவிடுவேன்.' டேவுக்குக் கிடைத்த ஆறில் அது ஒன்று.

ப்ரூக் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"யாரு இந்த பக்? முப்பத்தெட்டு பேரு எழுதியிருக்காங்க. காலைல ஆறுலேர்ந்து பத்து. நம்ம நேரம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "டேவ், இவரத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். கொஞ்சம் பழக்கம்."

"ஆளு எப்படி?"

இந்த இடத்தில் ஒரு நிதானமான மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். எனக்கு வந்தது பொறாமை. ஐந்து மாதம் தொண்டை வற்றக் கத்திய டேவுக்கு ஆறு. ஏழு வருடம் முன்னால் காணாமல் போன அந்தத் தொப்பிக்காரனுக்கு முப்பத்தெட்டு.

"நம்ப முடியாது" என்றேன். "சோம்பேறி. ஒரே ஜோக்க வச்சுப் பதினோரு வருஷம் ஓட்டினவன். பாட்டு ஓடறப்ப சாப்பிடுவான், பேசறப்ப வாயில ரொட்டி இருக்கும்."

எதுவும் பொய்யில்லை.

"இருந்தாலும் பேசிப் பாக்கணும். அவரக் கொண்டு வந்துட்டா..." அந்த வாக்கியத்தை முடிக்காத அளவுக்கு அவளுக்கு மனசாட்சி இருந்தது. "நம்பர் இருக்கா?"

இருந்தது. சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உங்க வீட்டு நம்பர்."

"ஆமா."

"பக் உங்க வீட்டுலயா இருக்காரு?"

"பதினோரு வருஷம் இருந்தான். நோரின் ஒண்ணும் சொல்லல."

ப்ரூக் சிரித்த சிரிப்பில் மூலையிலிருந்த அம்மாள் எழுந்து வந்துவிட்டார். எங்களை வெளியே அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன். சிரிப்பு அடங்கியதும் ப்ரூக் பெட்டியை முதலிலிருந்து திரும்பப் புரட்டினாள்; இந்தத் தடவை ஜானி, க்ரஹாம், கோரைப்பல், ஹோஸ்டெட்லர் பையன் எல்லாரையும் ஒரே பத்தியில் கோடு போட்டாள். தொண்ணூற்றிரண்டு. எங்கள் கவுண்டியில் அத்தனை பேர் காலையில் வேறு யாரையும் கேட்டதில்லை.

"நீங்கதான் நம்பர் ஒன்" என்றாள்.

"யாரு?"

"அதான் பிரச்சினை."

என்னைக் கேட்டுப் பக் என்று எழுதிய முப்பத்தெட்டும், சர்வே கணக்கில் பக்கத்துக் கவுண்டி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. பெயர் அவர்களுடையது அல்லவா? அந்த ஃப்ளோரிடாக்காரன் சுவரில் மூன்று வருடமாக 'முதலிடம்' என்று ஒரு பித்தளைத் தகடு மாட்டியிருந்தான். அதை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். ஏழு வருடம் காலை நாலு மணிக்கு எழுந்து என்னை நானே தோற்கடித்துக்கொண்டிருந்தேன்.

ப்ரூக் அட்லாண்டாவுக்குப் போன் போட்டாள். அவர்களுடைய முதல் பதில், "அந்த ஃப்ளோரிடாக்காரனை வாங்கு." அவள் அரை மணி நேரம் வாதாடினாள், ஊர் எழுதுவது அவனை இல்லை, இவரை என்று. என் சார்பில் யாரும் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் இறங்கி வந்தார்கள். யாருக்கும் சொந்தமில்லாமல் மிச்சமிருக்கிற பெயர் ஒன்றுதான்: லைல் ஹோஸ்டெட்லர். இருபத்தேழு பேர் அதையோ, என் அப்பாவையோ எழுதியிருந்தார்கள். அந்தப் பெயரிலேயே பேசட்டும், நாற்காலி அவருக்கே. ஒரு நிபந்தனை. வழக்கமான காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

காகிதம் மார்ச்சில் வந்தது. சமையலறை மேஜையில் வைத்துப் படித்தேன். 'லைல் ஹோஸ்டெட்லர் என்ற பெயர் கம்பெனியின் முழு உடைமை. பணி முடிந்த பின் அப்பெயரை வேறு எவருக்கும் வழங்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு.'

"அப்படின்னா?" என்றாள் நோரின்.

"நான் போனா இன்னொருத்தன் வந்து நானா உக்காருவான்."

"அவனுக்கும் கொறட்டை உண்டா?"

"நோரின், நான் போட்டுடறேன். நாற்காலி கெடைக்குது. ஏற்கெனவே அஞ்சு பேரக் குடுத்தாச்சு, இது ஆறாவது."

"அந்த அஞ்சும் அவங்க குடுத்தது, அவங்களே வாங்கிக்கிட்டாங்க. இது எங்க மாமனார் குடுத்தது. கல்யாணப் பத்திரத்துல இருக்கு. என் லைசன்ஸ்ல பாதி இதுதான்." காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இத எழுதினவன் நம்பர் இருக்கா?"

இருந்தது. கம்பெனி வக்கீல், ப்ரெஸ்காட் என்று பெயர். அவள் போனை மேஜை நடுவில் வைத்து எனக்கும் கேட்கிற மாதிரி அழுத்தினாள். அவள் பேசிய தொனி, பஸ்ஸில் கடைசி வரிசைக்குப் பேசுகிற அதே தொனி.

"வணக்கம், நான் நோரின் ஹோஸ்டெட்லர். என் வீட்டுக்காரர் பேர நீங்க கேட்டிருக்கீங்க."

"வழக்கமான நடைமுறைதாம்மா."

"வழக்கம் சரி. எத்தன மணிக்கு வேணும்?"

"புரியல."

"அவரு ரேடியோல இருக்கறது காலைல ஆறுலேர்ந்து பத்து வரைக்கும். முன்னால ஒரு மணி நேரம் தயாராகறாரு. ஆக அஞ்சுலேர்ந்து பத்து, திங்கள்லேர்ந்து வெள்ளி. அந்த நேரத்துக்கு அந்தப் பேர நீங்க வச்சுக்கங்க. பத்துக்கு மேல எனக்கு வேணும். வீட்டுல வேற பேரு ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. எத்தனையோ பேரிடம் பெயர் வாங்கியிருக்கிற மனிதர். நேரம் போட்டுக் கொடுத்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

"வேலைய விட்டுட்டுப் போனா...?"

"போனா பேரும் கூடவே வந்துடும். நாற்காலிய நீங்களே வச்சுக்கங்க."

"அம்மா, பேரு ஒரு முழுப் பொருள். அதப் பிரிச்சு—"

"இருபது வருஷத்துக்கு மேல நான் பிரிச்சுத்தான் வச்சிருக்கேன். காலைல அவரு யாரோ, மத்தியானம் லைல். உங்களுக்கு ஒரு மாசம் பழகினா வந்துடும்."

நான் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தேன், நிறுத்தச் சொல்லி. அவள் திருப்பி மிதித்தாள், ஷூவோடு. நாற்காலி போய்விட்டது என்றே முடிவு செய்தேன். மனதுக்குள் கம்பளங்களைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டேன். ப்ரெஸ்காட் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். ப்ரூக் அட்லாண்டாவில் என்ன சொன்னாளோ தெரியாது. மூன்றாம் நாள் திருத்திய காகிதம் வந்தது. ஏழாம் பிரிவில், வக்கீல் மொழியில், நோரின் சொன்னதே: வார நாட்களில் காலை ஐந்து முதல் பத்து வரை நான் கம்பெனியின் உடைமை; மற்ற நேரங்களில் இல்லை; பணி முடிந்தால் பெயர் என்னோடு. எத்தனையோ பேர் தத்துவம் படித்துத் தேடுகிற தெளிவு. கையெழுத்துப் போட்டேன். அட்டையில் புதிய வரி எழுதி ஒட்டினார்கள். முதல் நாள் என் பெயரைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. புது ஆளாக இருப்பதால் பழகவில்லை என்று யாரோ போன் பண்ணி ஆறுதல் சொன்னார்.

ஜூனில் ஸ்ட்ராபெர்ரித் திருவிழா வந்தது. நிலையத்தின் வண்டியை மைதானத்தில் நிறுத்தி, கொட்டகை போட்டு, காலை நிகழ்ச்சிக்காரரை உட்கார வைத்து ஊர் மக்களோடு கை குலுக்க வைப்பது வழக்கம். ப்ரூக் வீட்டுக்குப் போன் பண்ணினாள். நோரின்தான் எடுத்தாள்.

"சனிக்கிழமை பதினொரு மணிக்கு லைல் வந்துடுவாரா?"

"சனிக்கிழமை லைல் என்னோட இருப்பாரு" என்றாள் நோரின். "உங்க காகிதத்துல வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் இருக்கு. படிச்சுப் பாருங்க."

"ஐயோ, போஸ்டர் அடிச்சாச்சே."

"அப்ப ஒண்ணு பண்ணலாம். டேவ் இன்னும் உங்க ஆளுதானே? அவரக் கூட்டிட்டுப் போங்க. மூணு மணிக்குள்ள கொண்டு வந்து விட்டுருங்க, தோட்டத்துல வேலை இருக்கு."

போனேன். வெயில், ஈ, எதிரே முகங்கள், நாக்கு மேலண்ணத்தில். போஸ்டரில் லைல் என்ற இடத்தின் மேல் ப்ரூக் கையாலேயே டேவ் என்று எழுதி ஒட்டியிருந்தாள். டேவுக்கு நல்ல கூட்டம்.